சேறு கழுவிய ஐஸ்

பலெர்மோ
08.06.1997

அன்பின் மச்சாள் றோசமலருக்கு,

மடு மாதாவின் காவலில் நீரும் பிள்ளை பிறின்ஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். சுகமில்லாவிட்டாலும் சுகமென்றுதான் நீர் எழுதுவீர், அந்தக் குணம் எனக்குத் தெரியும். இங்கே நானும் என் மனுசன் அல்பேட்டும் இருக்கிறோம். அவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, எனக்கு வாய் ஓயவில்லை, மற்றபடி குறையில்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்து நீர் எழுதிய கடிதம் போன வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. பேசாலையிலிருந்து பலெர்மோவுக்கு ஒன்பது கிழமை. உறையின் கரையைப் பிரித்து வாசித்துவிட்டுத் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். என் தம்பி பீலிக்ஸை நீர் ஏசிய ஏச்சையெல்லாம் எந்த ஆமிக்காரன் படித்தானோ, தமிழ் தெரிந்தவனாயிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பான்.

மார்கழியில் வந்த கடிதத்துக்குப் பிறகு பீலிக்ஸ் ஒரு வரி போடவில்லை, ஒரு கோல் எடுக்கவில்லை, கூடப் போன சுரேஸ் மாசி முடிந்த கையோடு பலெர்மோவுக்கு வந்துவிட்டானே, இவர் எங்கே என்று கேட்டிருந்தீர். பீலிக்ஸ் மொஸ்கோவில்தான் இருக்கிறான். வாகனத்தில் இடம் காணாமல் சுரேஸை முதலில் ஏற்றி, இவனைப் பின்னுக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு பேராம். வெளியே தலை காட்டினால் பொலிஸ். தபால் போடப் போகவும் ஆளில்லை. எனக்கே வாய் மாறி வாய் மாறித்தான் செய்தி வருகிறது. அவன் எழுத்துச் சோம்பேறி என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளும். கலியாணத்துக்கு முதல் உமக்கு வந்த கடிதங்களில் அரைவாசி, நான் சொல்லச் சொல்ல அவன் எழுதியது. இவ்வளவு காலம் மறைத்து வைத்திருந்தேன். கோபிக்க வேண்டாம்.

சுரேஸ் அல்பெர்கேரியாவில், பலாரோ சந்தைக்குப் பின்னால் ஓர் அறையில் இன்னும் மூன்று பேரோடு இருக்கிறான். மாடிப்படி கழுவும் வேலை. முந்தி வாயாடியாக இருந்த பிள்ளை, இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். களைப்பு என்று நினைக்கிறேன்.

எனக்கு வேலை மாறிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த சின்யோரா, அந்த வயதான அம்மா, மாசியில் காலமாகிவிட்டா. எங்கள் கோயில் பாதர்தான் கால்சாவில் தனியாக இருக்கும் ஒரு வயோதிபரின் வீட்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். எழுபத்தாறு வயது. பெரிய படிப்பாளி. எல்லோரும் 'புறொபெசோரே' என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வீட்டு வாசலில் சுவர் உரிந்து கிடந்தாலும் உள்ளே மேல்மாடத்தில் தேவதைகள் பறக்கிற படம் கீறிய கூரை. அந்தத் தேவதைகளுக்கு ஒட்டடை அடிப்பது என் பாடு.

அவர் எனக்குச் சொன்ன சட்டம் இரண்டே இரண்டு. மேசையில் கிடக்கும் தாளை நகர்த்தக் கூடாது. பின்னறையில் இருக்கும் பெரிய பிரிஜ் பெட்டியின் அடியில் ஒரு பை இருக்கிறது, அதைத் தொடக் கூடாது. மச்சாள், தொடாதே என்றால் தொட்டுப் பார்க்கிற ஆள் நான் என்று உமக்குத் தெரியும். மூன்றாம் நாளே பிரித்துப் பார்த்தேன். உள்ளே சேறு அப்பிய ஐஸ்கட்டி ஒன்று. பத்துக் கிலோ வரும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீனுக்கு ஐஸ் போடும் எங்கள் ஐஸ்வாடியில் இப்படி ஒரு கட்டி லொறியால் இறங்கியிருந்தால் அப்பா லொறிக்காரனைத் துரத்தித் துரத்தி ஏசியிருப்பார்.

நான் சிரித்துக்கொண்டு நிற்கும்போது அவர் வந்துவிட்டார். ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, எனக்கு விளங்குகிற இத்தாலியனில் மெல்ல மெல்லச் சொன்னார். அது ரஷ்யாவின் வடகோடியில், கடற்கரையில், மண்ணுக்கடியிலிருந்து வெட்டியெடுத்ததாம். முந்தி ஒரு காலத்தில் மலையளவு பனி ஆறுபோல நகர்ந்து வந்து அந்த நாட்டை மூடியிருந்ததாம். பிறகு பனியெல்லாம் உருகிப் போக, மண் மூடிய துண்டுகள் மட்டும் உருகாமல் உள்ளே அப்படியே கிடந்துவிட்டனவாம். இருபதாயிரம் வருசமாம். ஆதாம் ஏவாள் கணக்கை நான் எடுக்கவில்லை. எடுத்தால் முதல் மாதத்திலேயே வேலை போய்விடும்.

ஒரு சின்னச் சில்லை உடைத்துத் தண்ணீர்க் கிளாசில் போட்டு என் காதோடு பிடித்தார். சட், சட் என்று வெடித்தது. அந்தக் காலத்துக் காற்று உள்ளே அடைபட்டு, இப்போதுதான் வெளியே வருகிறதாம். நான் மூக்கை வைத்துப் பார்த்தேன், ஒரு மணமும் இல்லை.

அங்கே மண் கோடையிலும் இளகாதாம். மேலே ஒரு முழம் இளகும், அதற்குக் கீழே என்றைக்கும் கல்தான். கிடத்தியது கிடத்தியபடி இருக்கும் என்றார். மயிர் மூடிய யானைக்கன்று ஒன்றை எடுத்தார்களாம், கண்ணிமை மயிர்கூட உதிராமல். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கூரைத் தேவதைகளைப் பார்த்தபடி நின்றேன்.

பீலிக்ஸுக்கு நல்ல சுவெற்றர் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர். இருக்கிறது. குளிரும் இப்போது இல்லை. நீர் அவசரப்பட்டு ஒன்றும் யோசிக்க வேண்டாம். பிறின்ஸுக்குத் தினமும் ஒரு முட்டை கொடும். அவனுக்கு மாமியின் முத்தம்.

மாதா துணை.
உம் மச்சாள்,
அகஸ்ரீனா


பலெர்மோ
24.08.1997

அன்பின் மச்சாள் றோசமலருக்கு,

கொழும்பு முத்திரையைக் கண்டதும் வாசலில் நின்றபடியே உறையைக் கிழித்தேன். கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துப் பிள்ளையோடு இருக்கிறீராம், பாஸ்போட் இரண்டும் கைக்கு வந்துவிட்டதாம், கார்த்திகையில் மொஸ்கோவுக்கு ஏற்றலாம் என்று ஏஜென்ற் சொல்கிறானாம். என்னைக் கேட்காமல் இவ்வளவும் செய்துவிட்டு, கடைசி வரியில் 'மச்சாள் சந்தோசப்படுவா எண்டு தெரியும்' என்று எழுத உமக்கு எப்படி மனம் வந்தது?

எனக்குச் சந்தோசமில்லை. வெட்ட வெளிச்சமாக எழுதுகிறேன், வர வேண்டாம். கார்த்திகை என்றால் அங்கே பனி கொட்டத் தொடங்கும் மாதம். நாலு வயதுப் பிள்ளை அதற்கு ஈடு கொடுக்குமா? நீர் போய்ச் சேருகிற நேரம் பார்த்துப் பீலிக்ஸை வேறெங்காவது மாற்றிவிட்டால் முன்பின் தெரியாத ஊரில் யாரைத் தேடுவீர்? அவனை இந்த ஆவணியிலோ புரட்டாதியிலோ நகர்த்தப் போவதாகவும் ஒரு கதை வந்தது. பொறுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆமியின் சுற்றிவளைப்பில் தினமும் பயந்து சாகிறதைவிட அவரோடு இருந்து குளிரில் விறைக்கலாம் என்று எழுதியிருந்தீர். அந்த வரியை அல்பேட்டுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். இனிமேல் அப்படியான வசனம் எழுத வேண்டாம்.

சரி, ஏச்சு முடிந்தது. வேலை இடத்தில் நடந்த ஒரு புதினம் சொல்கிறேன், வாசித்து உம்முடைய கோபமும் ஆறட்டும்.

இந்த மாதம் இங்கே ஆபிரிக்காவிலிருந்து நெருப்புக் காற்று அடித்தது. சிறொக்கோ என்பார்கள். புறொபெசோரே மலைப்பக்கம் இருக்கும் தன் சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே போன் இல்லை. மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முதல்நாள், கால்சாவில் அவர் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை, லீவில் போய்விட்டார்கள். நான் செடிக்குத் தண்ணீர் விடப் போனால் பின்னறையில் நிலம் முழுக்கச் சேற்றுத் தண்ணீர். பிரிஜ் பெட்டிக்குள் அந்தக் கட்டி கரையத் தொடங்கிவிட்டது.

வேறொருத்தி என்றால் தலையில் கை வைத்துக்கொண்டு குந்தியிருப்பாள். நான் ஐஸ்வாடியில் வளர்ந்தவள். சேறு பிடித்த ஐஸ் கெதியாக உருகும், கறுப்பு சூட்டை இழுக்கும், லொறியால் இறங்கினதும் மண்ணைக் கழுவிவிட்டுத்தான் உமிக்குள் புதைக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பால்பல்லோடு படித்த பாடம். தூக்கித் தொட்டியில் வைத்தேன். குழாயைத் திறந்து, விரலால் தேய்த்து, கல், மண், வேர் என்று ஒட்டியிருந்ததெல்லாம் போக ஒரு நிமிடத்தில் கழுவினேன். உள்ளே எப்படி இருந்தது தெரியுமா? நீலமும் வெள்ளையும் கலந்து, கொப்புளம் கொப்புளமாக. அவ்வளவு அழகான ஐஸை என் வாழ்நாளில் கண்டதில்லை.

பிறகு கீழே தச்சன் கடைக்கு ஓடி மரத்தூள் வாங்கி, இரண்டு சாக்குக்குள் வைத்துச் சுற்றிக் கட்டினேன். அல்பேட் வேலை செய்யும் ஸ்ஃபெர்ராகவால்லோ சாப்பாட்டுக் கடையில் மீன் வைக்கும் குளிரறை இருக்கிறது. அவர் முதலாளியின் மூன்று சில்லு வண்டியைக் கெஞ்சிக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்தார். நான் பின்னால் மீன்பெட்டிகளுக்கு நடுவே சாக்கைக் கட்டிப்பிடித்தபடி பலெர்மோவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனேன். சனம் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். இருபதாயிரம் வருசத்து ஐஸ் இப்போது வாள்மீன்களுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. கழுவிக் குறைந்தது போக எட்டுக் கிலோ நிற்கும். புறொபெசோரே வந்து பார்த்துவிட்டு என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடப் போகிறார்.

மச்சாள், விமானம் போகும்போதெல்லாம் பிறின்ஸ் மேலே பார்த்து 'மொஸ்கோ' என்று கத்துகிறான் என்று எழுதியிருந்தீர். அதை அவனுக்குப் பழக்க வேண்டாம். உம்மைக் கெஞ்சிக் கேட்கிறேன். பேசாலைக்குத் திரும்பிப் போகும்.

மாதா உங்கள் இருவரையும் இருந்த இடத்தில் காக்கட்டும்.
உம் மச்சாள்,
அகஸ்ரீனா


பலெர்மோ
19.10.1997

மச்சாள் றோசமலருக்கு,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. கொண்டு வருகிற பிள்ளை றம்யா, எங்கள் கோயிலில் பாடுகிறவள். தாயைப் பார்க்க வத்தளைக்கு வருகிறாள், ஒரு மாதம் நிற்பாள். கடிதத்தை உம்முடைய கையிலேயே தரவும், நீர் வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கவும் சொல்லியிருக்கிறேன். பிறின்ஸைப் பக்கத்து அறையில் யாரிடமாவது விட்டுவிட்டு வாரும். நிலத்தில் குந்தியிருந்து வாசியும்.

பீலிக்ஸ் செத்துப்போனான், மச்சாள். இந்த வருசம் தை மாதம் பதினொன்றாம் திகதி, பெலாருஸ் எல்லைக் காட்டில்.

மொஸ்கோவில் ஒரு வீடும் இல்லை, பத்துப் பன்னிரண்டு பேரும் இல்லை. எல்லாம் நான் கட்டின கதை. சுரேஸ் வந்த அன்றே எனக்குத் தெரியும். பங்குனி மாதம், தவசு காலம், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வெளியே வருகிறேன், இவன் கோயில் மதிலோடு நிற்கிறான். ஓடிப்போய்த் தம்பி எங்கே என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உமக்கு ஒன்றையும் இனி மறைக்க மாட்டேன்.

மொஸ்கோவிலிருந்து எல்லைவரை வாகனத்தில் கொண்டுவந்து, விடியப்புறம் காட்டில் நடக்க விட்டிருக்கிறார்கள். பதினாலு பேர். இடுப்பளவு பனி. ஒரு ஓடையைக் கடக்கும்போது மேலே உறைந்திருந்த ஐஸ் உடைந்து பீலிக்ஸின் இரண்டு காலும் முழங்காலுக்கு மேல் நனைந்துவிட்டன. அதன்பிறகு ஒரு மணித்தியாலம் நடந்திருக்கிறான். பிறகு ஒரு மரத்தடியில் குந்தியிருந்துவிட்டான். வழிகாட்டி நிற்கவில்லை. சுரேஸ் தன் கழுத்துத் துணியை அவனுக்குச் சுற்றிவிட்டு, எழும்படா மச்சான் என்று இழுத்திருக்கிறான். அதற்கு அவன், 'நீங்கள் போங்கோடா, நான் பின்னாலை வாறன்' என்றானாம். அவ்வளவுதான். சுரேஸ் திரும்பிப் பார்த்தபோது இவன் கை காட்டினானாம். அந்தப் பிள்ளையை நீர் சபிக்க வேண்டாம். நின்றிருந்தால் அவனும் கிடந்திருப்பான்.

அன்றே உமக்கு எழுதியிருக்க வேண்டும். ஆண்டவர் பாடுபட்ட பெரிய கிழமை முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு பிறின்ஸுக்கு அம்மாள் போட்டிருக்கிறது என்று எழுதினீர், அது மாறட்டும் என்று நினைத்தேன். பின்னால் வாறன் என்றவன் வந்தாலும் வருவான் என்று சில நாள் நினைத்தேன். ஞாயிறு பூசையில் பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்காக மன்றாடும்போது பாதர் பெயர்களை வாசிப்பார். அதில் வாரா வாரம் அவன் பெயரை எழுதிக் கொடுத்தேன். 'வழியிலிருக்கும் பீலிக்ஸுக்காக' என்று அவர் வாசிக்க, முழுக்கோயிலும் 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சொல்லும். கடைசி வரிசை வாங்கிலில் இருந்து சுரேஸ் எழும்பி வெளியே போய்விடுவான். உயிரோடு இல்லாதவனுக்கு உயிரோடு இருக்கிறவனின் மன்றாட்டைச் சொல்வித்தேன். இது என்ன பாவம் என்று எந்தப் பாவசங்கீர்த்தனப் புத்தகத்திலும் இல்லை.

அதற்குள் அந்த ஐஸ் வந்து சேர்ந்தது. ரஷ்யாவில் மண் இளகாது, கிடத்தியது கிடத்தியபடி இருக்கும் என்று புறொபெசோரே சொன்னாரே, அன்றைக்கு என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஆறுதலாக இருந்துகொண்டது. எனக்கு ரஷ்யா என்றால் ரஷ்யாதான், அதில் வடக்கு எது, எல்லைக்காடு எது என்று யார் கண்டது? அவன் அந்த மரத்தடியில், அந்த மண்ணில், ஒரு நகம் கெடாமல் படுத்திருக்கிறான் என்று நினைத்தேன். யானைக்கன்றை இருபதாயிரம் வருசம் வைத்திருந்த மண் என் தம்பியை ஒரு வருசம் வைத்திருக்காதா? அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்லலாம், எப்போது போனாலும் அவனை அவனாகவே எடுக்கலாம். வேலைக்குப் போனதும் பிரிஜ் பெட்டியின் மூடியில் கையை வைத்து ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டுத்தான் தூசி தட்டத் தொடங்குவேன். பைத்தியம் என்று நினைப்பீர். பைத்தியம்தான்.

புரட்டாதி பத்தாம் திகதி புறொபெசோரே திரும்பி வந்தார். நானும் அல்பேட்டும் ஐஸைக் கொண்டுபோய் அவர் முன்னால் சாக்கை அவிழ்த்தோம். நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். அவர் குனிந்து, கட்டியைச் சுற்றிவர விரலால் தடவினார். திருப்பித் தடவினார். மண் எங்கே என்று கேட்டார். கழுவிவிட்டேன் என்றேன். அவர் குசினிக் கதிரையில் இருந்துவிட்டார்.

பிறகுதான் சொன்னார். இது வெறும் தண்ணீர் மண்ணுக்குள் உறைந்த ஐஸ், பழைய பனியாற்றின் துண்டு இல்லை என்று மற்றப் படிப்பாளிகள் பத்து வருசமாக அவரைப் பொய்யராக்கி வைத்திருக்கிறார்களாம். ஐஸும் மண்ணும் தொடுகிற அந்தக் கோட்டில்தான் அவருடைய சாட்சி இருந்ததாம். ஐப்பசியில் வடக்கிலிருந்து இரண்டு படிப்பாளிகள் வந்து வெட்டிப் பார்க்க இருந்தார்களாம். தன் கடைசி வேலை அதுதான் என்றார். சத்தம் போடவில்லை. இனி இதை வைத்திருந்து என்ன என்று சொல்லி, தூக்கித் தொட்டிக்குள் வைத்தார்.

நான் அழத் தொடங்கினேன். சின்ன அழுகை இல்லை, செத்தவீட்டு அழுகை. அல்பேட் பயந்துவிட்டார். புறொபெசோரே என் தோளைத் தட்டி, சின்யோரா, சேறுதானே, விடுங்கள் என்றார். சேற்றுக்காக அழவில்லை என்றேன். என் தம்பி உங்கள் ரஷ்யாவில் மண்ணுக்குள் கிடக்கிறான், அவன் அப்படியேதானே இருப்பான் என்று கேட்டேன். தொட்டிக்குள் ஐஸ் வெடித்துக்கொண்டிருந்தது.

எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். எழும்பிப் போய்ப் பெரிய வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். ஐஸ் எடுத்த இடம் உச்சியில் கடலோரம். பீலிக்ஸின் காடு கீழே, இடதுகைப்பக்கம். இரண்டுக்கும் நடுவே என் கையை விரித்து வைத்தேன், எட்டவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: அங்கே மண் குளிர்காலத்தில் மட்டும்தான் இறுகும், சித்திரையில் இளகிவிடும், அங்கே எதுவும் அப்படிக் கிடக்காது. எனக்குப் பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதனின் வாழ்நாள் வேலையைக் கழுவி ஊற்றியவளுக்கு ஒரு பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மை சொன்னால் ஆள் செத்துப்போக மாட்டாள் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன், மச்சாள்.

அவரோடு முந்தி மண் கிண்டிய ரஷ்யக்காரர் ஒருவர் மொஸ்கோவில் இருக்கிறார். அவருக்கு அன்றே போன் செய்தார். அவர் எல்லைப்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போன் செய்து கேட்டிருக்கிறார். இந்த மாதம் ஆறாம் திகதி, தெருமுனையில் தாள், பேனா விற்கும் கடையின் மெசினுக்கு ஒரு பக்ஸ் வந்தது. சித்திரையில் பனி உருகியபோது விறகு வெட்டப் போனவர்கள் மூன்று பேரைக் கண்டெடுத்தார்களாம். முகம் வைத்து அறிய முடியாது. ஒருவனிடம் இருந்த தாள் ஊறிப்போயிற்று. சாம்பல் நிறச் சேட்டு, அதற்குள் மஞ்சள் சேட்டு. மஞ்சள் சேட்டின் கழுத்துப்பட்டியில் ஒரு துண்டுத் துணி, அதில் தெரியாத பாசையில் எழுத்து. அந்த ஊர்ப் பொலிஸ்காரன் ஒருவன் அந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தாளில் வரைந்து வைத்திருந்தானாம், யாராவது ஒரு நாள் கேட்பார்கள் என்று.

பக்ஸில் அது தலைகீழாக வந்தது. எது மேல், எது கீழ் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நான் தாளைத் திருப்பிப் பிடித்தேன். 'தவராசா தையலகம், பேசாலை.' ஒரு குற்று விடவில்லை. ஒரு சுழி விடவில்லை. கடைக்காரர் எனக்குத் தண்ணீர் கொடுத்து வாசற்படியில் இருத்தினார்.

அந்த ஊர்ச் சேமக்காலையில் ஒரு மூலையில் மூன்று பேரையும் புதைத்திருக்கிறார்கள். கழுத்தில் மாதா சுரூபம் கிடந்ததால் அவனுக்கு மட்டும் ஊர்ப் பெண்கள் ஒரு சிலுவை நட்டார்களாம். பெயர் இல்லை, மூன்றாம் நம்பர். பெயர் போட வேண்டுமென்றால் மனைவியின் கையெழுத்து வேண்டுமாம். அக்காவின் கையெழுத்துச் செல்லாது.

மறுநாளே உமக்குப் போன் எடுத்தேன். சொல்லவென்றுதான் எடுத்தேன். நீர் ஓடிவந்து, 'மச்சாள், ரிக்கற் வந்திட்டுது, கார்த்திகை பதினாலாம் திகதி பயணம்' என்று மூச்சு வாங்கச் சொன்னீர். பிறகு பிறின்ஸிடம் கொடுத்தீர். 'மாமி, நான் அப்பாட்டைப் போறன்' என்றான். நான் கவனம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள், பக்ஸ் தாளையும் உம்முடைய பழைய கடிதங்களையும் மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அல்பேட் கடைசியில், 'நீர் எழுதாட்டி நான் எழுதுறன்' என்றார். பதினைந்து வருசத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான்.

இப்போது நீர் நினைப்பது எனக்குத் தெரியும். இவள் இவ்வளவு நாள் பொய் எழுதினாள், நான் வருவது பிடிக்காமல் இதையும் பொய்யாகவே எழுதுகிறாள் என்று நினைப்பீர். நானாயிருந்தால் அப்படித்தான் நினைப்பேன். அதனால்தான் பக்ஸ் தாளை இதோடு வைத்திருக்கிறேன். எடுத்துப் பாரும். உம்முடைய பழைய கடிதம் ஒன்றில் இருக்கிறது, மஞ்சள் சேட்டுத் துணி நீர் தெரிந்தெடுத்தது, தவராசாவிடம் அளவு கொடுக்கக் கூடப் போனதும் நீர். நான் அந்தச் சேட்டைக் கண்ணாலும் கண்டதில்லை. என்னை நம்ப வேண்டாம், அந்தப் பொலிஸ்காரனின் எழுத்தை நம்பும்.

மொஸ்கோவில் உம்மை எதிர்பார்த்து ஒருவரும் இல்லை. உம்மை இறக்கிவிட்டு, அதே காட்டுக்குத்தான் அதே பனிக்காலத்தில் கொண்டுபோவார்கள். பிறின்ஸ் எவ்வளவு தூரம் நடப்பான்? அவனைத் தூக்கிக்கொண்டு நீர் எவ்வளவு தூரம் நடப்பீர்? நான் சொன்ன பொய்யைத் தேடித்தான் நீர் பயணம் வெளிக்கிட்டிருக்கிறீர்.

கார்த்திகை இரண்டாம் திகதி மரித்தோர் திருநாள். பெயர் எழுதிப் போடக் கோயிலில் வெறும் உறை தந்திருக்கிறார்கள். அப்பா பெயர், அம்மா பெயர் எழுதிவிட்டேன். மற்றதை எழுத எனக்கு உரிமையில்லை. நீர் சொன்னால் எழுதுவேன்.

என்னை மன்னியும் என்று கேட்கப் போவதில்லை. ஏழு மாதம் உம்மைத் தாலியோடு சிரிக்க வைத்தவள் நான். ஏசும். ஊரறிய ஏசும். உம்முடைய வாய்க்கு நான் பயந்த காலமெல்லாம் போய்விட்டது, இப்போது அதைக் கேட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் றம்யா உமக்கு முன்னால் இருக்கிறாள், பாரும். முதலில் இரண்டு பாஸ்போட்டையும் ரிக்கற்றையும் அவள் கையில் கொடுத்துவிடும், றோசமலர். கொடுத்துவிட்டு ஏசும்.

மாதா உம்முடைய காலையும் பிள்ளையின் காலையும் அந்த விமானப் படியில் வைக்க விடாமல் மறித்துக்கொள்ளட்டும்.

மச்சாள் என்று நீர் கூப்பிட்டாலும் விட்டாலும்,
அகஸ்ரீனா